கிரேடு சொல்லாத சேதி

மாஸ்டர் செக்கப் கோப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி, 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'. குடிப்பழக்கமே இல்லாத ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தூக்கம் இழக்கிறார். இன்னொருவர் 'ஒன்றுதானே' என்று கோப்பை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். இருவரும் நம்புவது தவறான எண்ணை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரையில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதை வைத்துப் போடப்படுவது கிரேடு. அது கொழுப்பின் உத்தேச அளவு. ஆளைச் சாய்ப்பதோ அந்தக் கொழுப்பு கிளப்பும் அழற்சியும், அதன் பின்னால் ஈரலில் ஏறும் தழும்பும். தழும்பு முற்றினால் சிரோசிஸ். தொடக்கநிலைத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. இதில் ஒரு விபரீதமும் உண்டு: தழும்பு முற்ற முற்ற ஈரலில் கொழுப்பு வற்றும். நோய் ஏறும்போது கிரேடு இறங்கக்கூடும்.

இதற்காக ஸ்கேனைத் தள்ளிவிட முடியாது. வலியில்லை, கதிர்வீச்சில்லை, சிறிய ஊர்களிலும் எடுக்கிறார்கள். சத்தமில்லாமல் வளரும் நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். கோளாறு அதற்கு அடுத்த படியில். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதிகள், பிளேட்லெட் ஆகிய நான்கும் பல நேரம் அதே கோப்பிலேயே இருக்கும். இவற்றைக் கொண்டு போடும் கணக்குதான் ஃபிப்-4. விடை 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67-ஐத் தாண்டினால் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நடுவில் நிற்பவர்களுக்கு ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக எடுபடாது, 65-க்கு மேலே அளவுகோலைத் தளர்த்த வேண்டும். இருந்தாலும் காசு செலவில்லாத ஒரு வகுத்தலை லேப் ரிப்போர்ட்டின் அடியில் அச்சிட என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற மருத்துவரின் குழு இந்த அழற்சிக்குப் பெயரிட்டது 1980-இல். அமெரிக்கா இதற்கென முதல் மருந்தாக ரெஸ்மெடிரோமை ஏற்றது 2024 மார்ச்சில். 966 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் 100 மி.கி. எடுத்தவர்களில் 25.9 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது; மருந்தில்லா மாத்திரை விழுங்கியவர்களிலும் 14.2 சதவீதம் பேருக்குக் குறைந்தது. முன்னேற்றம்தான், பட்டாசு வெடிக்கும் அளவுக்கு இல்லை. நம்மூரில் எழுதித் தரப்படும் லிவர் டானிக்குகளுக்கு அந்த அளவு சான்றுகூடக் கிடையாது.

2015-இல் வெளியான ஒரு கியூபா ஆய்வு சொல்வது வேறு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. ரெஸ்மெடிரோம் இதன் அருகில் வரவில்லை. ஆனால் 293 பேரில் அந்த அளவை எட்டியவர்கள் 29 பேர்தான். 'எடையைக் குறைங்க' என்று சீட்டில் ஒற்றை வரி எழுதுவதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பீரோவைத் திறந்து கோப்பை எடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் கிரேடைப் பற்றிக் கேட்காதீர்கள். என் ஃபிப்-4 எவ்வளவு என்று கேளுங்கள்.