சிக்குக் கோலம் போட்டுப் பார்த்தால் தெரியும்

பிரவுசரில் படம் வரையும் லைப்ரரிகளை எல்லோரும் வேகத்தை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். நான் ஒரு சிக்குக் கோலத்தைக் கொடுத்துப் பார்ப்பேன். புள்ளியைத் தொடாமல் சுற்றி, தன்னையே வெட்டிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வந்து சேரும் ஒற்றை இழை அது. கோணல் எங்கே இருந்தாலும் கண்ணை உறுத்திவிடும்.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இங்கே பழைய உறவு. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து, கோலங்களின் இலக்கணத்தை 1974இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். பிரவுசரில் கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்.வி.ஜி. வடிவம் முறைப்படி வெளிவந்ததே 2001இல்தான்.

பிரவுசரில் வரைய இன்னொரு வழியான கேன்வாஸ், வரைந்ததை உடனே மறந்துவிடும். பெரிதாக்கினால், திரும்ப வரையாதவரை கோடு மங்கும். ஆயிரக்கணக்கான துகள்கள் ஓடும் விளையாட்டுக்கு அதுதான் சரி. கோலத்துக்கு எஸ்.வி.ஜி.யே பொருத்தம்: இழை இழையாகவே இருக்கும், தொட்டு நிறம் மாற்றலாம். 2008இல் வந்த ரஃபேல் லைப்ரரி, எஸ்.வி.ஜி. தெரியாத பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் வரைந்து காட்டிய கெட்டிக்காரன். இன்று அந்தத் தேவை இல்லை. டி3 அருமையானது, ஆனால் அதன் மனசெல்லாம் புள்ளிவிவரத்தில். நம் புள்ளி வேறு.

வளைவை எஸ்.வி.ஜி. சொல்லும் விதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஓட்டுகிறவருக்குச் சட்டென்று பிடிபடும். அவருக்கு ஜி02 வலஞ்சுழி, ஜி03 இடஞ்சுழி. இங்கே வளைவுக்கான 'ஏ' கட்டளையின் திசைக்குறியில் 1 போட்டால் வலம், 0 போட்டால் இடம். இழை புள்ளிக்குப் புள்ளி பக்கம் மாறும்போது கோலம் முழுக்க ஒன்றும் சைபரும் மாறி மாறி வரும். அந்த வரியை வாசிப்பதே ஒரு சுகம்.

2011இல் வந்த பேப்பர் ஜேஎஸ் வட்டத்தையும் பெசியர் வளைவுகளாக்கித்தான் வரையும். நூறு பிக்சல் ஆரத்துக்கு விலகல் ஒரு பிக்சலில் முப்பதில் ஒரு பங்குகூட வராது, ஆகவே எனக்குப் புகார் இல்லை. விரலால் கோலம் போட வைப்பதென்றால் என் ஓட்டு அதற்கே. அதன் 'சிம்ப்ளிஃபை' நடுங்கும் கோட்டில் தேவையற்ற புள்ளிகளை உதறி, நாலைந்து வளைவுகளில் அதே ஓட்டத்தைப் பிடித்துத் தரும். கோடு எவ்வளவு விலகலாம் என்பதற்கு வழக்கமான அளவு 2.5. அதை ஏற்றிக்கொண்டே போனால் கோடு வழவழப்பாகும், போட்டவர் கை காணாமல் போகும். மார்கழியில் ஆவடிப் பக்கத்துத் தெருக்களில் அடுத்தடுத்த வாசல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கோலம் இரண்டு கைகளில் இரண்டு மாதிரி விழும். நான் அளவைக் குறைத்தே வைப்பேன்.

ஏற்கெனவே போட்டு வைத்த கோலத்தைக் காட்ட மட்டும் என்றால் லைப்ரரியே வேண்டாம், வெறும் எஸ்.வி.ஜி. போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இழை தொடங்கிய புள்ளிக்கே திரும்பிவிட்டாலும் கடைசியில் 'இசட்' போட்டு மூட வேண்டும். போடாவிட்டால் பிரவுசர் அதைத் திறந்த கோடாகவே எடுத்துக்கொள்ளும். தடித்த இழையில், சேரும் இடத்தில் மெல்லிய வெட்டு ஒன்று தெரியும்.