இழந்த உறுப்பின் வலி: ‘மெட்டல் கியர்’ தொடரின் இறுதிப் படைப்புப் பற்றிய ஒரு நோக்கு

கணினி விளையாட்டு ஒன்றைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளல் தகுமோ என்னும் வினா எழுதல் இயல்பே. நாவலும் திரைப்படமும் நம்மிடையே புதியனவாய் வந்து சேர்ந்த காலத்தில் அவற்றைக் குறித்தும் இத்தகைய ஐயம் எழுந்ததுண்டு. ஒரு வடிவத்தின் புதுமையோ பழைமையோ அதன் தகுதியை நிர்ணயிப்பதில்லை. அது எடுத்துக்கொண்ட பொருள் யாது, அப்பொருளை எவ்வாறு நடத்திச் செல்கின்றது என்பனவே விமர்சகனின் அக்கறைக்கு உரியவை. ஜப்பானியரான ஹிடியோ கோஜிமாவின் ஆக்கத்தில் கொனாமி நிறுவனம் 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி வெளியிட்ட ‘மெட்டல் கியர் சொலிட் 5: த பாண்டம் பெயின்’ என்னும் விளையாட்டு, தாய்மொழியை இழத்தலையே தன் நடுப்பொருளாகக் கொண்டது. மொழியின் பெயரால் கூடும் ஒரு சங்கத்தினர் இதனைப் பாராமுகமாக விட்டுவிடுதற்கு நியாயம் இல்லை.

இக்கட்டுரையாளர் இவ்விளையாட்டை முதன்முதலாக ஆடியது நோட்டன் பிரிட்ஜில், தோட்ட லயன் ஒன்றின் முன்னறையில் இருந்தே. அதனை இங்குக் குறிப்பிடுதற்குக் காரணம் உண்டு. படைப்பு எங்கிருந்து நோக்கப்படுகின்றது என்பது நோக்கின் முடிவையும் பாதிக்கும். இவ்வாக்கத்தின் சிறப்பும் குறைபாடும் மலையகத்திலிருந்து நோக்குமிடத்துச் சற்று வேறாகத் தோன்றுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொடரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறல் அவசியம். முதல் ‘மெட்டல் கியர்’ 1987 இல் எம்.எஸ்.எக்ஸ்.2 என்னும் வீட்டுக் கணினிக்காக வெளிவந்தது. ஒரே வேளையில் பல எதிரிகளைத் திரையிற் காட்டுதற்கு அக்கணினியின் ஆற்றல் இடந்தரவில்லை. போரிடுவதை விடுத்து ஒளிந்து தப்புவதையே ஆட்டமாக்கினால் என்ன என்று கோஜிமா சிந்தித்தார். கருவியின் வறுமையிலிருந்து ஒரு புதிய வகைமை தோன்றிற்று. 1990, 1998, 2001, 2004, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் தொடரின் முக்கிய பகுதிகள் வெளியாயின. 2014 இல் ஒரு முன்னுரைப் பகுதி வந்தது. 2015 இல் வந்த பாகத்தோடு கோஜிமாவின் கதை முற்றுப்பெறுகின்றது. 2018 இல் வெளியான ‘மெட்டல் கியர் சர்வைவ்’ அவர் நிறுவனத்தை விட்டு நீங்கியபின் பிறரால் ஆக்கப்பட்டது. 2025 இல் வந்ததோ 2004 ஆம் ஆண்டுப் பாகத்தின் மறுவாக்கமே. எனவே ‘இறுதிப் படைப்பு’ என 2015 ஆம் ஆண்டு ஆக்கத்தையே ஈண்டுக் கொள்கின்றோம்.

கரந்து சென்று வெல்லுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. குறிஞ்சிக்குப் புறனாக வெட்சியை வைத்த தொல்காப்பியர், பகைவர் அறியாவண்ணம் இரவிற் சென்று ஆநிரை கவர்தலைப் போரின் முதற்படியாகக் கொண்டார். ஒற்றரை ஏவுதல், கவர்ந்த நிரையை வருத்தாது கொண்டு வருதல், அதனைப் பகிர்ந்தளித்தல் என்பனவெல்லாம் அத்திணையின் துறைகளாக அமைகின்றன. இவ்விளையாட்டை ஆடுவோர் இவற்றை ஒவ்வொன்றாக மீளக் காண்பர். கதைத்தலைவனாகிய ஸ்நேக் பகைப்பாசறையை இரவில் வேவு பார்க்கின்றான். காவலரை மயக்கி, பலூனிற் பிணித்து வானூடாகத் தன் தளத்துக்கு அனுப்புகின்றான். ஆடுகளையுங்கூட அவ்வாறே அனுப்பலாம் என்பது நகைச்சுவையாகத் தோன்றினும், வெட்சியை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது. பகைவரும் வாளாவிருப்பதில்லை. தலையைக் குறிவைத்துச் சுடும் பழக்கம் மிகுந்தால் அவர்கள் இரும்புத் தொப்பி அணிந்து வருவர். இரவிலேயே தாக்கினால் இருளிற் காணும் கண்ணாடியோடு நிற்பர். நம் பழக்கங்களே நமக்கெதிராகத் திரும்பும் இவ்வமைப்பு ஆட்டத்தின் தலைசிறந்த பண்பு எனலாம்.

இனி மொழிப்பொருளுக்கு வருவோம். கதை 1984 இல் நிகழ்கின்றது. ஒன்பது ஆண்டுகள் நினைவிழந்து கிடந்த ஸ்நேக், இடக்கையை இழந்தவனாய்ச் சைப்பிரஸ் மருத்துவமனையொன்றில் விழிக்கின்றான். பின்னர் சோவியத் படைகள் நிலைகொண்டிருந்த ஆப்கானிஸ்தானுக்கும், அங்கோலா–சாயிர் எல்லைப் புறத்துக்கும் செல்கின்றான். அவனுடைய பகைவனாகிய ‘ஸ்கல் ஃபேஸ்’ என்பான் சிற்றூரொன்றிற் பிறந்து, போரிலே ஊரையும் உருவையும் இழந்தவன். ஆள்வோர் மாறுந்தோறும் தான் பேசும் மொழியும் மாறியதென்றும், மொழி மாறுந்தோறும் தானும் வேறொருவனாக ஆக்கப்பட்டதாகவும் அவன் கூறுகின்றான். உலகை ஆங்கிலத்தால் ஒன்றாக்க முயல்வோரைப் பழிவாங்குதற்கு அவன் கையாளும் கருவி, குறித்த ஒரு மொழியைப் பேசுவோரின் குரல்நாணிற் குடிகொண்டு அவரைக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணி. முதலிற் பலியாவோர் கிக்கொங்கோ மொழி பேசுவோர். ஆங்கிலத்தைக் கொல்ல எண்ணியவன் ஆபிரிக்க மொழியொன்றில் அதனைச் சோதித்துப் பார்க்கின்றான் என்பது கவனிக்கத்தக்கது. மொழிவிடுதலை பேசுவோரின் கையிலும் எளியவரின் நாவே முதலில் அறுபடுகின்றது என்னும் இக்கசப்பான உண்மையைப் படைப்பு உரத்துக் கூறாது காட்டிச் செல்கின்றது.

மொழி இங்குக் கதையில் மட்டும் இல்லை. ஆட்டத்தின் விதியிலும் உண்டு. உருசிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கவர்ந்து கொணரும்வரை பகைவீரர் பேசுவது ஆடுவோர்க்கு விளங்காது. கிக்கொங்கோ, ஆபிரிக்கான்ஸ், பஷ்தூ ஆகியவற்றுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒலியாக இருந்தது சொல்லாகின்றது. ஆயின் அச்சொல்லை நாம் கொள்ளும் பயன் யாது? கழுத்திற் கத்தியை வைத்து, ‘பேசு’ என மிரட்டி, களஞ்சியம் எங்குளது, உன் கூட்டாளிகள் எங்குளர் எனக் கேட்டறிதலே. இவ்விடத்தில் மலையகத்தான் ஒருவன் சற்று நிற்பான். தோட்டத் துரைமாரும் தமிழ் கற்றனர். அவர்களுக்கென அச்சிடப்பட்ட கைந்நூல்களுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. பெரட்டுக்களத்தில் ஏவுதற்கும் அதட்டுதற்கும் வேண்டிய அளவுக்கே அத்தமிழ் அமைந்தது. மு. நித்தியானந்தன் 2014 இல் வெளியிட்ட ‘கூலித்தமிழ்’ என்னும் நூலின் தலைப்பு அம்மொழி வழக்கை நமக்கு நினைவூட்டுவது. பிறன் மொழியைக் கற்றல் எப்பொழுதும் அவனை அறிதல் ஆகாது. அவனை ஆளுதற்காகவும் கற்கலாம். மொழிபெயர்ப்பாளரைக் கவரும் ஆட்டவிதி இவ்வுண்மையை நம் கைகளாலேயே நிகழ்த்தச் செய்கின்றது. நாவலிலோ திரைப்படத்திலோ இதனை நாம் கண்டறிவோம், இங்கு நாமே செய்கின்றோம், செய்தபின் வெட்குகின்றோம்.

எனினும் ஸ்கல் ஃபேஸின் கோட்பாட்டை அப்படியே ஏற்றல் இயலாது. மொழியையே மனிதனின் தாயகமாகக் கருதும் சியோரானின் சிந்தனையை இப்படைப்புத் தனக்கு முகப்பாகக் கொண்டுள்ளது. மலையகத் தமிழரின் அனுபவம் இதனோடு ஓரளவே இயைகின்றது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தாழ்த்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடற்ற நிலை பெரிதும் நீங்கிற்று. அவ்வளவு காலமும் மொழி அவர்களிடம் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்தும் இருந்தன. ஆயின் மொழியிற் குடியிருந்தவர்க்கு வாக்குச்சீட்டு இல்லை, நிலம் இல்லை, கடவுச்சீட்டு இல்லை. மொழி தாயகமாகலாம்; அதுவே போதுமானதாகாது. இழப்பை மொழியளவில் மட்டும் நிறுத்திவிட்டமை இப்படைப்பின் சிந்தனைக் குறுக்கம் எனவே கூறல் வேண்டும்.

இக்குறுக்கம் காட்சியமைப்பிலும் வெளிப்படுகின்றது. ஆப்கானிஸ்தானின் மலைச்சரிவுகளும் கல்வீடுகளும் வியக்கத்தக்க நுட்பத்தோடு அமைக்கப்பட்டுள்ளன. ஆயின் அவ்வீடுகளில் எவரும் வாழ்வதில்லை. அடுப்பு மூட்டும் பெண்ணில்லை, திண்ணையிற் கிழவனில்லை. காவல் நிற்கும் வீரரும், கட்டுண்ட கைதிகளும், ஆபிரிக்கப் பகுதியில் துப்பாக்கி ஏந்திய சிறுவருமே உளர். மொழியழிவைப் பாடும் ஒரு படைப்பில் அம்மொழிகளில் ஒரு நாளேனும் உரையாடி வாழும் ஊரொன்று இல்லாமை சிறு குறையன்று. இழந்தது யாதென்று காட்டாது இழப்பை மட்டும் காட்டினால், அவ்விரக்கம் இழந்தவரைச் சேராது தலைவனையே சுற்றிவரும்.

இக்குறையை ஒரு பாத்திரம் ஓரளவு ஈடுசெய்கின்றது. ‘குவயட்’ எனப்படும் அப்பெண்ணின் குரல்நாணில் ஆங்கிலத்துக்குரிய ஒட்டுண்ணி உறைகின்றது. அவள் ஆங்கிலம் பேசின் சூழவுள்ளோர் மாள்வர். ஆதலின் அவள் பேசாதிருக்கின்றாள்; தேவைப்பட்டவிடத்து நவாஹோ மொழியிற் பேசுகின்றாள். இறுதியிற் பாலைநிலத்து மணற்புயலில் ஸ்நேக் பாம்பு தீண்டி வீழ்ந்து கிடக்க, மீட்க வரும் ஹெலிகொப்டருக்கு வழி கூறுதற்காக ஆங்கிலத்தில் வாய் திறக்கின்றாள். பின்னர் எவரோடும் இருக்கவியலாதவளாய் மறைந்து போகின்றாள். மௌனத்தை அடக்குமுறையின் அடையாளமாக மட்டுமே காணப் பழகிய நமக்கு, பிறர் வாழ்வுக்காகத் தானே மேற்கொண்ட மௌனம் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஆயின் அவளை அரைகுறை ஆடையில் உலவவிட்டு, தோலால் மூச்சுவிடுகின்றாள் எனக் காரணமும் கற்பித்தமை ஆக்கியோனின் இரசனைக் கேடு. தொடரின் மிகச் சிறந்த பாத்திரங்களுள் ஒன்றைக் கண்காட்சிப் பொருளாக்கிவிட்ட இச்செயலுக்கு எவ்விதச் சமாதானமும் பொருந்தாது.

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. தளத்தில் நோய் மீண்டும் பரவ, நோயுற்ற தன் வீரரைத் தலைவன் தானே சுட்டுக் கொல்ல நேர்கின்றது. சிலர் எழுந்து நின்று வணக்கம் செலுத்தியபடி மாள்கின்றனர். ஆடுவோர் ஒவ்வொருவரையும் முன்னர்த் தாமே தெரிந்து, தாமே கவர்ந்து வந்தவர். பெயரும் முகமும் அறிந்தவர். இறந்தோரின் சாம்பலை வைரமாக்கி, அதனை அணிந்து போருக்குச் செல்வோம் என்கின்றான் தலைவன். ஆநிரைப் போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் எழுதிய மரபினர் இதன் பொருளை எளிதில் உணர்வர். ஆயின் நடுகல் ஊரின் எல்லையில் நிற்பது. ஊரவர் யாவரும் காண்பது. வைரமோ படையினரின் உடலோடு மீண்டும் போருக்கே செல்கின்றது. ஊர் இல்லாத படைக்கு அதுவே இயலும் போலும்.

இறுதியில் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. நாம் இதுவரை ஆட்டுவித்த ஸ்நேக், புகழ்பெற்ற அத்தலைவன் அல்லன். அவனைக் காக்க முற்பட்டுக் காயமுற்ற மருத்துவப் பணியாளன். முகத்தை மாற்றி, நினைவை மாற்றி, அவனைத் தலைவனின் நிழலாக்கி விட்டனர். 1987 ஆம் ஆண்டு முதற் பாகத்தில் வீழ்ந்தவனும் இந்நிழலே என்று கதை தொடக்கத்தோடு இணைக்கப்படுகின்றது. ஒருவனுடைய புகழ் மற்றொரு பெயரற்றவனின் உடலால் உழைத்து உண்டாக்கப்பட்டது என்னும் இம்முடிவைப் பலர் ஏமாற்று என்றனர். இக்கட்டுரையாளருக்கு அவ்வாறு தோன்றவில்லை. தோட்டத்தின் பெயர்ப்பலகையில் எவன் பெயர் உளது, மலையை வெட்டித் தேயிலை நட்டவன் எவன் என்று கேட்டுப் பழகியவர்க்கு இது உண்மையின் முடிவாகவே தோன்றும்.

ஆயினும் படைப்பு முற்றுப்பெறவில்லை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. இரண்டாம் அத்தியாயத்தின் பல பணிகள் முன்னவற்றையே கடுமையாக்கித் திரும்பத் தருவன. சிறுவர் படையின் கதையை முடித்துவைக்க வேண்டிய 51 ஆம் பணி விளையாட்டிற் சேர்க்கப்படாது, சிறப்புப் பதிப்போடு வந்த மேலதிக இறுவட்டில் அரைகுறைக் காட்சிகளாகவே காணக் கிடைத்தது. கோஜிமாவுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பிளவு நேர்ந்தது. உறையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆண்டின் இறுதியில் அவர் தனியே நிறுவனம் அமைத்துக்கொண்டார். இல்லாத உறுப்பின் வலியைப் பேசும் படைப்பு, தானும் உறுப்பிழந்து நிற்றல் பொருத்தமே என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. குறையைக் கருப்பொருளாகக் கொள்ளுதல் வேறு. குறைபட்டு நிற்றல் வேறு. வணிகச் சூழலின் வெட்டுக்காயத்துக்கு அழகியற் பெயர் சூட்டுவது விமர்சகனின் பணியாகாது.

நோட்டன் பிரிட்ஜுக்கு அப்பால் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் உளது. 1969 இல் அது அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளித்தோன்றும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். எங்கே கடை இருந்தது, எங்கே கோயில் வாயில் இருந்தது என்று முதியோர் கைகாட்டுவர். மழை பெய்ததும் அவை மீண்டும் மறையும். இழந்த உறுப்பின் வலி என்பது அதுவே. அவ்வலியைத் தனியொருவனின் உடலில் வைத்துக் காட்டியதிலே கோஜிமாவின் வெற்றி உளது. கைகாட்டும் முதியோரையும், அவர் பேச்சைக் கேட்டு நிற்கும் ஊரையும் அவர் காட்டவில்லை. அதனைக் காட்டும் ஆக்கம் இவ்வடிவத்திலேயே தோன்றுதல் கூடும். தமிழில் அதனை ஆக்க முற்படுவோர் கோஜிமாவின் நுட்பத்தைக் கற்கட்டும். ஆளற்ற அந்த ஊர்களையும் மறவாதிருக்கட்டும்.