பாஸ்டன் ஆப்பிரிக்கர் சபை மண்டபம்: எவ்வாண்டைக் காப்பது?

பழங் கட்டடம் ஒன்றைக் காக்கப் புகுவோர், அதன் எந்த வயதைக் காப்பது என்று முதலில் முடிவு செய்தல் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீக்கன் குன்றில் நிற்கும் ஆப்பிரிக்கர் சபை மண்டபம் 1806-இல் எழுந்தது. 2011-இல் திருப்பணி முடித்துத் திறந்தவர்களோ, அதற்கு 1855-ஆம் ஆண்டின் தோற்றத்தையே தந்துள்ளனர். இத்தேர்வு தக்கதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வெள்ளையர் தேவாலயங்களில் மேல்மாடத்தில் ஒதுக்கப்பட்ட கருப்பின மக்கள், போதகர் தாமஸ் பாலின் தலைமையில், வழிபாட்டுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் தமக்கென எழுப்பிய கட்டடம் இது. பெருந்தொகை திரட்டிய கேட்டோ கார்ட்னரின் பெயர் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும், திறப்பு விழாவன்று கீழ்த்தள இருக்கைகள் வெள்ளைப் புரவலர்க்கு, உரியவர்கள் மேல்மாடத்தில்! 1832 சனவரி 6-இல் வில்லியம் லாயிட் கேரிசன் அடிமை ஒழிப்புச் சங்கம் நிறுவியதும் இங்கேதான். இது பலரும் எழுதிய செய்தி.

ஆசிரியர்களாகிய நாம் காண வேண்டுவது இதன் கீழறையை. 1808 முதல் 1835 வரை கருப்பினப் பிள்ளைகளின் பள்ளி அங்கு நடைபெற்றது. அதில் பயின்ற வில்லியம் கூப்பர் நெல் என்னும் சிறுவன் 1829-இல் தேர்வில் சிறந்து விளங்கினான். அவனையொத்த வெள்ளை மாணவர்க்குப் பிராங்க்ளின் பதக்கமும் நகரத்தார் விருந்தும் கிடைத்தன. அவனுக்கோ பிராங்க்ளினின் வாழ்க்கை வரலாற்று நூல் மட்டுமே. விருந்தைக் காணும் ஆவலில், பரிமாறும் பையனாக அவன் உள்ளே புகுந்தான். மதிப்பெண் ஏட்டில் இனம் எழுதிய கொடுமை இது! பின்னாளில், இனம் பிரித்து நடத்தும் பள்ளிகளை எதிர்த்துப் போராடியவர்களுள் அவரே முன்னின்றார். 1850-இல் நீதிமன்றம் கைவிட்டது. 1855-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அப்பள்ளிகளை ஒழித்தது.

ஆதலின் 1855 என்பது மண்டபம் புதுக்கப்பெற்ற ஆண்டு மட்டுமன்று. கீழறை மாணவர் வென்ற ஆண்டுமாகும். இவ்வகையில் தேர்வு தக்கதே என்பேன்.

குறையொன்றும் உண்டு. கருப்பின மக்கள் பாஸ்டனின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர, மண்டபம் 1898-இல் விற்கப்பட்டது. பின்னர் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1972-இல் அருங்காட்சியகத்தார் வாங்கும்வரை அவ்வாறே இருந்தது. இடையில் அவர்கள் பேணியிராவிடில் திருப்பணிக்குக் கட்டடமே எஞ்சியிராது. 1855-க்குத் திரும்பியதால் அவர்கள் காலத்துக்கு உள்ளே இடமில்லாது போயிற்று. ஒரு சுவரையேனும் அவர்களுக்கு விட்டிருக்கலாம்.

கீழறையை விட்டுப் பிள்ளைகள் 1835-இல் குடியேறிய ஏபியல் ஸ்மித் பள்ளி அருகிலேயே நிற்கிறது. அருங்காட்சியகத்தார் இரண்டையும் ஒருசேரப் பேணி வருகின்றனர்.