இறங்கித் தள்ளுபவர் பக்கம் நான்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வொயிட் ரிம் பாதையைச் சுற்றிவரும் நண்பர் குழுக்களின் வீடியோக்களில் எல்லாரும் சிரிப்பது ஒரே இடத்தில்தான். மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்தில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளத் தொடங்குவார். "அவ்வளவுதான், ஆள் காலி" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும்.

எனக்கு அந்த ஆளைத்தான் பிடிக்கும். அவர் எங்கே இறங்குகிறார் என்று கவனியுங்கள். செங்குத்து தொடங்குவதற்குச் சற்று முன்பே, கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்போதே இறங்கிவிடுகிறார். வீம்புக்கு மிதிப்பவரோ பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் சரளையில் வெறுமனே சுழல, ஒற்றைக்காலை ஊன்றி நிற்கிறார். மறுபடி ஏறுகிறார், மறுபடி சறுக்குகிறார். கடைசியில் அவரும் தள்ளத்தான் போகிறார். அதற்குள் பாட்டில் பாதி காலி.

ஏறத்தாழ 160 கிலோமீட்டர் சுற்று இது. வழியில் குடிநீர் எங்கும் கிடைக்காது. 1950களில் யுரேனியம் தேடுவோருக்காகப் போட்ட பாதையில் சைக்கிள்காரரின் சௌகரியத்தை யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? கிரீன் நதி கண்ணில் படும். ஆனால் வண்டல் கலங்கிய நீர். ஆகவே, கேனில் எவ்வளவு மிச்சம் என்பதே இங்கே ஸ்கோர். கூட வரும் ஜீப்பில்தான் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். அது எல்லாருக்குமான தண்ணீர் ஐயா! வீம்புக்காரர் கூடுதலாகக் குடிக்கும் ஒவ்வொரு மடக்கிலும் நண்பர்களின் பங்கு இருக்கிறது.

ஒரே நாளில் சுற்றை முடிக்கும் சூரர்களின் கதை வேறு. அவர்களை இதில் இழுக்க வேண்டாம். மூன்று, நான்கு நாள் கூடாரமடித்துப் போகும் குழுவுக்கு மறுநாள் காலையும் கால்கள் வேண்டும்.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்ட்ஸ்க்ராபிள் மேட்டிலும் நம்மவர் இறங்குவார். அங்கே இன்னும் இரண்டு பேர் சத்தமில்லாமல் அவரோடு சேர்ந்து தள்ளுவார்கள். கடைசி நாள், மினரல் பாட்டத்திலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறத்தாழ 300 மீட்டர் ஏற வேண்டும். அங்கே அவர் இறங்கவே மாட்டார். முதல் நாள் முன்னால் பறந்தவரின் சைக்கிள் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த வீடியோ வரும்போது மர்ஃபியோடு நிறுத்திவிடாமல், மினரல் பாட்டம்வரை பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.