காற்றைப் பார்க்கப் பழகுதல்

சைக்கிள் பந்தயம் சலிப்பூட்டும் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. சுமார் 180 பேர் நாலைந்து மணி நேரம் ஒரே சாலையில் மிதித்துக்கொண்டு போகிறார்கள். கடைசி அரை நிமிடத்தில் ஒருவர் கையைத் தூக்குகிறார். தொலைக்காட்சியில் தெரிவது அவ்வளவுதான். தெரியாதது காற்று. அதைப் பார்க்கப் பழகிவிட்டால், மூன்று வார டூர் த பிரான்ஸ் பந்தயம் நடக்கும் ஜூலை மாதத்து மதியங்கள் போதாமல் போய்விடும்.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வீரரின் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். கூட்டத்தின் நடுவில் புகுந்துகொண்டால் இன்னும் மிச்சம். பெலோட்டான் எனப்படும் அந்தப் பெருங்கூட்டம் கலையாமல் இருப்பது இதனால்தான். போட்டியாளனின் முதுகு மறைவில் ஒதுங்கித்தான் அவனை ஜெயிக்க வேண்டும். கூட்டத்தை விட்டு முன்னே ஓடிய நாலைந்து பேருக்கும் இதே கதி. பிடிபடாமலிருக்க மாறி மாறி முன்னால் வந்து காற்றைத் தாங்குவார்கள். கடைசிக் கிலோமீட்டரைக் காட்டும் சிவப்பு வளைவு தெரிந்ததோ இல்லையோ, ஒருவரும் முன்னால் வரமாட்டார்கள். கூட்டாளி எந்த நொடியில் பகையாளி ஆனான் என்று கண்டுபிடிப்பதில் எனக்குக் கிடைக்கிற சுகம், வெற்றிக்கோட்டைப் பார்ப்பதில் கிடைப்பதில்லை.

எதிர்க்காற்றைவிடப் பக்கக் காற்று பொல்லாதது. காற்று இடப்புறமிருந்து அடித்தால் ஒவ்வொருவரும் முன்னவருக்கு வலப்புறம் சற்றுப் பின்தள்ளி ஒதுங்குவார்கள்; சாலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு விசிறி விரியும். பதினைந்து இருபது பேரோடு சாலையின் அகலம் தீர்ந்துவிடும். அடுத்த ஆள் ஓரத்து வெள்ளைக்கோட்டில் மறைப்பில்லாமல் திணறுவார், அவருக்கு முன்னால் இடைவெளி விழும், கூட்டம் துண்டாகும். 2020 டூரில் மியோவிலிருந்து லாவோர் நகருக்குப் போன ஏழாம் கட்டத்தில் 21 வயது தாதெய் பொகாச்சர் இப்படித்தான் 1 நிமிடம் 21 விநாடியைப் பறிகொடுத்தார். மலையுமில்லை, மழையுமில்லை. (கடைசியில் அந்த டூரை அவர் 59 விநாடி வித்தியாசத்தில் வென்றார் என்பது வேறு கதை.) ஹெலிகாப்டர் கேமரா பழைய கோட்டை ஒன்றைச் சுற்றி வரும்போது வர்ணனையாளர் அது எந்த நூற்றாண்டு என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் கோட்டைமேல் பறக்கும் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

காற்றைத் தாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒவ்வோர் அணியிலும் உண்டு. தலைவருக்கு முன்னால் நாள் முழுதும் மிதிப்பார்கள், பின்னால் வரும் காருக்கு இறங்கிப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவார்கள், மலையடிவாரம் வந்ததும் கழன்று கொள்வார்கள். பரிசுப் பட்டியலில் அவர்களைத் தேட வேண்டும். 1934இல் ரெனே வியெத்தோவுக்கு வயது 20. பைரனீஸ் மலை இறக்கத்தில் அணித் தலைவர் அந்தோனின் மான்யின் சக்கரம் உடைந்தபோது, தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உதவிக்காகக் காத்துக்கொண்டு சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார். அப்போது எடுத்த புகைப்படத்தை இன்றும் பிரான்சில் அறியாதவர் குறைவு. மறுநாள் மான்யுக்கு மறுபடி கோளாறு. முன்னால் போய்விட்ட வியெத்தோ வந்த வழியே மேலே திரும்பி ஏறி வந்து சைக்கிளையே கொடுத்தார். டூர் மான்யுக்கு, ஐந்தாம் இடம் வியெத்தோவுக்கு. 2022இல் ஒத்தாகாம் ஏற்றத்தில் பச்சை ஜெர்சி போட்டிருந்த வூட் வான் ஆர்ட், தன் தலைவர் யோனாஸ் விங்கெகோருக்காக முன்னால் இழுத்த இழுப்பில் பொகாச்சரே பின்தங்கினார். ஸ்பிரிண்ட் வீரர்களின் ஜெர்சி அணிந்தவர் மலையில் செய்யக்கூடிய காரியமா அது! அதே நாளில், சற்று முன்பு ஓர் இறக்கத்தில் பொகாச்சர் விழுந்தபோது விங்கெகோர் காத்திருந்தார். வந்து சேர்ந்தவர் கையை நீட்ட, இருவரும் ஓடும் சைக்கிளில் கை குலுக்கினார்கள்.

காற்று நேரடியாகத் தீர்ப்பெழுதிய ஆண்டு 1989. கடைசி நாள், வெர்சாயிலிருந்து ஷாம்ஸ் எலிசே வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட வேண்டிய பந்தயம். லோரான் ஃபின்யோனுக்கு 50 விநாடி முன்னிலை. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் ஹேண்டில்பாரில் முன்னோக்கி நீண்ட கம்பிகளைப் பூட்டி, கைகளை நெருக்கி, தலையில் நீள்வால் ஹெல்மெட்டோடு வந்தார். ஃபின்யோன் வெறுந்தலை, குதிரைவால் குடுமி காற்றில் ஆடியது. லெமாண்ட் 8 விநாடியில் டூரை வென்றார். மூன்று வாரம் 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தில் 8 விநாடி! கம்பியா குடுமியா என்று ரசிகர்கள் இன்றும் பேசித் தீரவில்லை.

ஆனால் காற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் ப்ரொவான்ஸில் இருக்கிறது. மோன் வான்தூ, சுமார் 1,910 மீட்டர், பக்கத்தில் தோழமைக்கு வேறு பெரிய மலை இல்லாத ஒற்றை மலை. பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டமும் செர்ரி மரங்களுமாக ஆளை ஏமாற்றும். சேன்த் எஸ்தேவ் வளைவு திரும்பியதும் காடு. அங்கே சாலை நூறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் என்ற கணக்கில் மூச்சுவிட இடங்கொடுக்காமல் ஏறிக்கொண்டே போகும். ஆல்ப்ஸ் மலைகளில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, வளைவில் ஒரு நொடி ஆசுவாசம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. ஷாலே ரெனார் உணவகத்தோடு காடு முடிகிறது. மிச்சமிருக்கும் ஆறு கிலோமீட்டரும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சரளை. மரமில்லை, நிழலில்லை, உச்சிக் கோபுரம் மட்டும் கண்ணெதிரே நின்றுகொண்டு கிட்டே வராமல் போக்குக் காட்டும். அங்கேதான் மிஸ்த்ரால் காற்று ஆளைச் சைக்கிளோடு தள்ளப் பார்க்கும். 2016 ஜூலை 14 அன்று உச்சியில் காற்றின் வேகம் தாங்காமல் பந்தய முடிவை ஷாலே ரெனாருக்கு இறக்கினார்கள். உச்சிவரை பரவி நிற்க வேண்டிய ஜனம் கீழே நெருக்கியடித்தது. சாலை அடைத்துக்கொள்ள, முதலிடக்காரரின் மஞ்சள் ஜெர்சியில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் மோட்டார் சைக்கிளில் மோதி விழுந்தார். உடைந்த சைக்கிளை விட்டுவிட்டு மலைமேல் கால்நடையாகவே ஓடினார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே டூர் வீரர் டாம் சிம்ப்ஸனின் நினைவுக்கல். 1967 ஜூலை 13, கொடும் வெயில்; உடலில் ஊக்கமருந்து. ஏறிக்கொண்டிருந்தவர் அங்கேயே சரிந்தார், பிழைக்கவில்லை. ஏறி வருகிறவர்கள் தொப்பியையோ தண்ணீர் பாட்டிலையோ அந்தக் கல்லடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த விளையாட்டை ரசிக்கிறவன் இந்தக் கல்லைத் தாண்டிப் போய்விட முடியாது. ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளின் பக்கத்தில் இன்று வெற்றியாளர் பெயரே கிடையாது. அந்தக் காலத்துப் பந்தயங்களை நான் மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

டூரே ஒரு பத்திரிகை விற்பனைத் தந்திரம். 'லோத்தோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை 1903இல் அதைத் தொடங்கியது. அது அச்சான மஞ்சள் தாளின் நிறம்தான் 1919இல் முதலிடக்காரரின் ஜெர்சிக்கு வந்தது. அந்த ஜெர்சியை முதலில் போட்ட யூஜேன் கிறிஸ்தோஃபைத் தேடிப் பைரனீஸ் போகலாம். 1913இல் தூர்மலே மலை இறக்கத்தில் அவர் சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்தது. வெளியார் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு சேன்த் மரீ த காம்பான் கிராமம்வரை நடந்து, கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு பையன் கைகொடுத்தான் என்று அதற்கும் அபராதம் போட்டார்கள்! 1919இல், மஞ்சள் ஜெர்சியோடு முடிவை நெருங்கும் வேளையில், அவர் ஃபோர்க் மறுபடி முறிந்தது.

பிரான்ஸைப் பார்க்க இந்தப் பந்தயத்தைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. சுற்றுலாக் கையேடு கொண்டுபோய் விடாத ஊர்களுக்கு இது கொண்டுபோய் விடும். லாந்த் பகுதியில் லாபஸ்தீத் தார்மன்யாக் பக்கம் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு மாதா கோயில் இருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் வீரர்கள் காணிக்கையாகத் தந்த ஜெர்சிகள். மலைச் சாலைகளில் கிலோமீட்டருக்கொரு பலகை, அடுத்த கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்று சைக்கிள்காரருக்காக எழுதி வைத்திருக்கும். பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முடிவுக்கோட்டுக்குப் போகாதீர்கள். அங்கே இரும்புத் தடுப்பும் விளம்பரமும்தான். மலையின் நடுப்பகுதியில், பந்தயத்துக்கு முதல்நாளே இடம் பிடியுங்கள். சாலையில் சுண்ணாம்பால் பெயர் எழுதுகிறவர்கள், குடைக்கடியில் மேசை விரித்து ரொட்டி, சீஸ், ஒயின் என்று சாவகாசமாகச் சாப்பிடும் முதிய தம்பதிகள், விளம்பர வண்டிகள் வீசுகிற தொப்பிக்கு அடித்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லாரும் உங்கள் சொந்தமாகிவிடுவார்கள். தேர் வீட்டு வாசலுக்கு வருவதுபோல் டூர் வருகிறது; டிக்கெட் கிடையாது. சமதரையில் நின்றால் சில நொடிகளில் எல்லாம் கடந்துவிடும். மலையில் ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கலாம். கெடுவுக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஒன்றுசேர்ந்து ஏறும் கடைசிக் கூட்டத்துக்குக் கிடைக்கிற கைதட்டல் முதல் ஆளுக்குக் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல.

பிரெஞ்சு ரசிகர்களுக்குத் தோற்றவர்கள்மீது தனிப் பிரியம். ரேமோன் பூலிதோர் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்; மஞ்சள் ஜெர்சியை ஒருநாள்கூடப் போட்டதில்லை. ஐந்து முறை வென்ற ழாக் ஆங்க்தீலைவிட ஜனம் அவரையே கொண்டாடியது. பூலிதோர் இறந்த பிறகு, 2021இல், பேரன் மத்தியூ வான் டெர் பூல் அந்த மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அழுதார். திபோ பினோ 2019இல் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் தொடைத் தசை கிழிந்து கண்ணீரோடு விலகினார். 2023இல் தன் கடைசி டூரில், சொந்த மண்ணான வோஜ் மலைப்பக்கம், பெத்தி பலோன் ஏற்றத்தில் அவர் தனியாக முன்னால் வந்தபோது ஒரு வளைவு முழுக்க அவர் பெயரைக் கத்தும் கூட்டம். அன்று அவர் ஜெயிக்கவில்லை, ஏழாவதாக வந்தார். ஆண்கள் டூரை ஒரு பிரெஞ்சுக்காரர் கடைசியாக வென்றது 1985இல், பெர்னார் ஈனோ. பெண்கள் டூரை 2025இல் போலின் ஃபெரான் ப்ரேவோ வென்றுவிட்டார், அதுவும் கடைசி இரண்டு மலை நாட்களையும் தானே ஜெயித்து.