எங்கட திசர, எங்கட மலிக், எங்கட வியாஸ்

விசர் என்று நினைத்தால் நினையுங்கோ, எனக்குக் கவலையில்லை. 2020 கார்த்திகை, மார்கழியில் நடந்த முதலாவது லங்கா பிரீமியர் லீக்கைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், பிறகு என்னை நிப்பாட்ட ஏலாது. ஐந்து அணிகள். கொரோனாவால் எல்லா ஆட்டமும் அம்பாந்தோட்டையில், வெறும் கதிரைகளுக்கு முன்னால். ஆனால் அதில் ஒரு அணியின் பெயர் ஜப்னா ஸ்டாலியன்ஸ்! எங்கட பக்கத்துப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு நாட்டின் பெரிய கிரிக்கெட்டில் ஒரு அணி! அதுவரை நாங்கள் பார்த்த கிரிக்கெட்டெல்லாம் ஆரோ வீட்டுக் கலியாணத்தைப் படலையடியில் நின்று பார்த்த மாதிரித்தான். “வவுனியா மாவட்டத்துக்காரனுக்கு யாழ்ப்பாண ரீமில என்ன உரித்து?” என்று யாழ்ப்பாணத்தில் இருக்கிற மச்சான் போனில் நக்கலடித்தான். “ஏ9 வீதி புளியங்குளத்தாலதானே உங்கட ஊருக்கு வருது, அந்த உரித்துப் போதும்” என்றேன்.

கார்த்திகை 27, எங்கட முதல் ஆட்டம். காலி அணிக்கு அப்ரிடி இறங்கி 23 பந்தில் 58 அடித்து வயிற்றைக் கலக்கிவிட்டார். இலக்கு 176. சரி, கதை முடிஞ்சுது என்று நான் பிளேன்ரீ ஊத்த எழும்பினால், அவிஷ்க பெர்னாண்டோ தொடங்கினார் பாருங்கோ, கடைசிவரை அவுட்டே ஆகாமல் 92! எட்டு விக்கெட்டால் வெற்றி, பிளேன்ரீ ஆறிப் பச்சைத்தண்ணி. மூன்று நாள் கழித்து தம்புள்ளைக்கு எதிராக அணித்தலைவர் திசர பெரேரா 44 பந்தில் 97. அந்த மூன்று ஓட்டத்துக்கு நான் பட்ட கவலையை அவர்கூடப் பட்டிருக்கமாட்டார். கொழும்பில் படித்த திசர, சியால்கோட்டில் பிறந்த சொயிப் மலிக், சென்.லூசியாத் தீவிலிருந்து வந்த ஜோன்சன் சார்ள்ஸ், எல்லாரும் ஒரு கிழமைக்குள் எங்கட வீட்டு ஆட்களாகிவிட்டார்கள்.

இனித்தான் விசயமே இருக்கு. மார்கழி 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னியையும் ஊறவைத்துவிட்டுப் போயிருந்தது. இப்ப மார்கழி 4. கண்ணை மூடி நினைச்சுப் பாருங்கோ: முற்றமெல்லாம் வெள்ளம், முறிஞ்ச முருங்கைக் கொப்பு கிணற்றடியில் கிடக்கு, கரண்ட் எப்ப நிக்குமோ என்று அம்மா லாம்புச் சிமினியைத் துடைச்சுக்கொண்டிருக்கிறா, ரீவியில் ஒரு மெல்லிசான பெடியன் பந்தைக் கையில் சுழற்றிக்கொண்டு நிற்கிறான், விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், லெக் ஸ்பின், விடிஞ்சால்தான் பத்தொன்பது வயது, இதுதான் முதல் ஆட்டம், அங்கால துடுப்போடு நிற்கிறது ஆர், கொழும்பு கிங்ஸ் தலைவர் அஞ்சலோ மெத்தியூஸ், இலங்கை அணிக்கே தலைவராய் இருந்த மனுசன், பெடியன் ஓடிவந்து மணிக்கட்டைத் திருப்பிப் போடுறான், எனக்கு மூச்சு நிக்குது, அவுட், ஐயோ மெத்தியூஸ் அவுட், அவன்ர முதல் விக்கெட்டே மெத்தியூஸ்! நான் துள்ள, கதிரை பின்னால விழ, நாய் குரைக்க, வெள்ளத்துக்குப் பாம்பு வந்திட்டுது என்று நினைச்சு அம்மா தும்புத்தடியோட ஓடிவர, “அம்மா, எங்கட பெடியன், எங்கட பெடியன்!” என்றதுக்கு மேல எனக்கு வேற சொல்லே வரேல்ல. அன்றைய ஆட்டம் தோல்விதான். அது கிடக்கட்டும். நடுவில் கொஞ்சம் சறுக்கி மூன்றாமிடத்தில்தான் அரையிறுதிக்குப் போனதும் உண்மைதான். அதை இப்ப ஏன் கிளறுவான்?

அரையிறுதியில் சார்ள்ஸ் 76 அடித்துத் தம்புள்ளையை அனுப்பிவைத்தார். மார்கழி 16 இறுதி, மறுபடியும் காலி. தனிய இருந்து பார்த்தால் நெஞ்சு வெடிக்கும் என்று சந்திக் கடைக்கு ஓடினேன். மாஸ்க்குகளெல்லாம் தாடையில் தொங்குது, சின்ன ரீவி, மழைக்குப் படம் புள்ளிபுள்ளியாய் உடையுது. மலிக் நிதானமாய் 46 எடுத்து அடித்தளம் போட, திசர வந்து 14 பந்தில் 39! 188! வடக்கே போகிற லொறிக்காரர் ஒருவர், சிங்கள அண்ணை, சிகரெட் வாங்க இறங்கினவர், “ஸ்கோர் எக கீயத மல்லி?” என்று கேட்டார். சொன்னேன். சிகரெட்டும் பத்தவில்லை, லொறியும் போகவில்லை, காலியின் விக்கெட் விழவிழ அவர் என் தோளில் அடித்த அடி அடுத்தநாளும் நொந்தது. காலி 135. ஐம்பத்து மூன்று ஓட்டத்தால் கிண்ணம் எங்கட! முதல் தொடர், முதல் கிண்ணம், அதுவும் எங்கட! எங்கட பந்துவீச்சாளர் ஹசரங்கவுக்கு 17 விக்கெட், தொடரின் சிறந்த வீரர். கடைக்கார ஐயா இருந்த மிச்ச வடையெல்லாத்தையும் காசு வாங்காமல் நீட்டினார், அவர் கடனே கொடுக்காத மனுசன்.

அடுத்த வருசம் உரிமையாளர் மாறி, பெயர் ஜப்னா கிங்ஸ் ஆனது. 2021, 2022, 2024 என்று கிண்ணங்கள் வந்தபடி. வரட்டும், வரட்டும். ஆனால் 2024இல் காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் ஆரை எடுத்தது தெரியுமோ? எங்கட வியாஸை! மச்சானுக்கு இரவிரவாய் வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவன் என்ர நம்பரை புளொக் பண்ணி, விடியத்தான் திறந்தவன்.