மக்செயின் அட்டவணையும் நம் கல்லூரி மாணவரும்

ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் நம் கல்லூரி மாணவருள் பலர் திருமறை வாசிப்பு அட்டவணை ஒன்றைக் கைக்கொள்கின்றனர். அவ்வட்டவணைகளுள் நெடிய வரலாறுடையது ராபர்ட் மர்ரே மக்செயின் வகுத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர்த் தூய பேதுரு ஆலயப் போதகராயிருந்த அவர், 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்கென இதனைத் தொகுத்தார். பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் ஓராண்டில் வாசித்து முடிப்பதே இதன் நோக்கம். 1843 மார்ச் 25 அன்று, தமது 29ஆம் வயதில் அவர் மரித்தார். தாம் வகுத்ததன் முதற்சுற்று முடிவதை அவர் காணவில்லை.

இவ்வட்டவணையின் சிறப்பை முதற்கண் ஒப்புக்கொள்வோம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன் முன்னும் பின்னும் உள்ள வசனங்களை ஒருபோதும் திறந்து பாராத பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆமோஸையும் ஆகாயையும் பெயரளவில் மட்டுமே அறிந்த பட்டதாரிகள் நம் சபைகளில் மிகுதி. திருமறை முழுவதையும் வாசி எனப் பணிக்கும் அட்டவணை அவ்வகையில் நற்பணியே ஆற்றுகிறது.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். ஓராண்டில் வாசிக்க வேண்டியவை 1,599 அதிகாரங்கள். நாளொன்றுக்கு நான்கிற்கும் மேல். ஆய்வுக்கூடக் குறிப்பேடும் உள்மதிப்பீட்டுத் தேர்வும் நெருக்கும் மாணவன் மார்ச் இறுதியில் லேவியராகமத்தை எட்டுகிறான். பருவத் தேர்வும் அப்பொழுதே அவனை எட்டுகிறது. மூன்று நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரங்கள் கடனாகின்றன. பின்னர் அவன் வாசிப்பதையே விட்டுவிடுகிறான். “பின்மாற்றத்தில் விழுந்துவிட்டேன், ஐயா” என்று நம்மிடம் வந்து அழுதோர் உண்டு. விசாரித்துப் பார்த்தால், அவர்கள் செய்த பாவம் பெரும்பாலும் இந்தக் கடன்தான்.

இதில் நமக்கும் பங்குண்டு. மாணவர் விடுதியொன்றில் பணிவிடை செய்த காலத்தில் இவ்வட்டவணையைப் பிரதியெடுத்து வழங்கினோம். யார் யார் எதுவரை வந்தனர் என ஞாயிறுதோறும் கேட்டும் வந்தோம். தாளில் இடம் போதாமையால் முகவுரையையும் பத்தித் தலைப்புகளையும் நீக்கியிருந்தோம். நீக்கியது எதுவெனப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். வெறும் சடங்காகிப்போதல், சுயநீதி, கவனமற்ற வாசிப்பு, சுமக்கவொண்ணாத நுகம் ஆகிய நான்கு அபாயங்களை மக்செயின் தாமே அம்முகவுரையில் எச்சரித்திருந்தார். நான்கு பத்திகளுள் இரண்டு குடும்ப ஜெபத்திற்கானவை. இரண்டு மட்டுமே தனித்தியானத்திற்கானவை. ஆதியாகமமும் மத்தேயுவும் குடும்பத்தோடு தொடங்க, எஸ்றாவும் அப்போஸ்தலர் நடபடிகளும் தனியறையில் தொடங்கும். லேவியராகமமும் குடும்பப் பத்தியிலேயே வருகிறது. பெரியவர் ஒருவர் உரக்க வாசிக்க, வீடே கேட்பதற்கென வைத்ததை, வீட்டைவிட்டு விடுதிக்கு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் நாம் ஏற்றிவிட்டோம்.

தனித்தியானப் பத்திகளை மட்டும் தொடர்ந்தால் நிலை வேறாகிறது. மார்ச் இறுதியில் அம்மாணவன் முன் விரிபவை நீதிமொழிகளும், பிலிப்பியர், கொலோசெயர் நிருபங்களுமே. தேர்வுக் காலத்தில் அவை நாளுக்கு இரண்டு சிறு அதிகாரங்கள். இதைவிடப் பொருத்தமான பகுதியை நாமே தேடினாலும் கண்டிருக்க மாட்டோம்.

அதனாலும் குறை முற்றும் நீங்கிவிடாது. நாள்தோறும் ஒரு நூலிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுவதால், எஸ்றாவின் காலச் சூழலோ பவுலின் வாதப் போக்கோ மனத்தில் ஊன்றுவதில்லை. நூல்களை ஒப்பிட்டு வினவ அட்டவணை நேரம் தருவதுமில்லை. அடுத்த நாளின் பகுதி ஏற்கெனவே காத்திருக்கிறது. கல்லூரியில் எதனையும் வினவிப் பயிலும் ஒருவனுக்கு இது சிறு குறையன்று. ஒரு நிருபத்தைத் திங்கள் முழுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதே மேலென்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடையோரும் உளர்.

குடும்பப் பத்தியை என்ன செய்வது? கடந்த சில ஆண்டுகளாக, நாம் அறிந்த விடுதியொன்றில் அறைத் தோழர் மூவர் இரவு உணவிற்குப்பின் அதனை முறைவைத்து உரக்க வாசித்து வருகின்றனர். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றி வாசித்த இரவு, தாவரவியல் பயிலும் மாணவன் அது பூஞ்சணமாயிருக்குமோ என வினவ, பேச்சு நள்ளிரவுவரை நீண்டதாம். மறுநாளைய பகுதி வாசிக்கப்படவில்லை. அதைக் குறித்து அவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை, நாமும் கேட்கவில்லை.